‘பார்க்கலாம்’ என்ற விடையைக் கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது?

கேள்வி கேட்டவர்: குறிப்பேடு

ஓர் அமைப்பின் மாதாந்தரக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதும் பொறுப்பு ஐந்து ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது எல்லாமே தெளிவாகப் பேசப்படுவதாகத்தான் தோன்றுகிறது. தலைகள் அசைகின்றன, முகங்கள் மலர்கின்றன, அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறோம். பிறகு தனியே உட்கார்ந்து, யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார் என்ற பத்தியை எழுத முற்படும்போதுதான் ஒருவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரியவருகிறது.

சென்ற மாதம் உறுப்பினர் பட்டியலைத் திருத்துவது பற்றிப் பேச்சு வந்தது. நான் கேட்டதையும் தலைவர் சொன்னதையும் அப்படியே தருகிறேன்.

“பட்டியலை யார் திருத்துவது, ஐயா?”
“அதற்கென்ன, செய்துவிடலாம்.”
“எப்போது முடியும்?”
“பெரிய வேலை ஒன்றும் இல்லை. சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.”
“அப்படியானால் இந்த மாதமே எழுதிக்கொள்ளட்டுமா?”
“பார்க்கலாம். ஆவன செய்யப்படும்.”

மறுப்பு என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆயினும் மூன்று முறை கேட்டும் ஒரு பெயரோ ஒரு தேதியோ என் கைக்கு வரவில்லை. கடைசியில் “உறுப்பினர் பட்டியலைத் திருத்துவது குறித்து விவாதிக்கப்பட்டது” என்று எழுதி முடித்தேன். எழுதியபின் படித்துப் பார்த்தால், நான் யாரைக் குறை சொல்கிறேனோ அவருடைய மொழியிலேயே நானும் எழுதியிருக்கிறேன்.

இப்படிப் பிடிகொடுக்காமல் பேச முடிவது பேசுபவரின் சாமர்த்தியமா, அல்லது நம்முடைய மொழியின் அமைப்பே அதற்கு இடம் தருகிறதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும். அதைவிட அவசரமான கேள்வியும் ஒன்று உண்டு. வயதிலும் பொறுப்பிலும் மூத்த ஒருவரிடம் நான்காம் முறையும் “யார், எப்போது” என்று கேட்டால் அது குறுக்கு விசாரணை போல் ஆகிவிடுகிறது. அவர் மனம் நோகாமல் ஒரு தெளிவான விடையை எப்படிப் பெறுவது?


மறுமொழி: ஈற்றெழுத்து

உங்கள் உரையாடலில் வந்த விடைகளிலிருந்து வினைகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள்: செய்துவிடலாம், முடித்துவிட வேண்டும், பார்க்கலாம், செய்யப்படும். நான்கிலும் ஆள் இல்லை.

தமிழ் வினைமுற்று பொதுவாக ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் இயல்புடையது. ‘செய்தேன்’ என்றால் ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ‘செய்வாய்’ என்றால் ‘நீ’ வேண்டாம், ‘செய்வார்கள்’ என்றால் ‘அவர்கள்’ வேண்டாம். விகுதியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் எழுவாயை விட்டுவிட்டுப் பேச நாம் தாராளமாகப் பழகியிருக்கிறோம். இலக்கணமும் அதைத் தோன்றா எழுவாய் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. விகுதியில் ஆளைக் காட்டாத வினைகளைப் பேசும்போதும் அதே பழக்கத்தில் எழுவாயை விழுங்கிவிடுவதுதான் இங்கே சிக்கலைத் தொடங்கிவைக்கிறது. வினையிலும் ஆள் இல்லை, எழுவாயிலும் ஆள் இல்லை என்றால், கேட்பவர் தமக்குப் பிடித்த ஆளை அந்த வெற்றிடத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். நீங்கள் ‘செய்துவிடலாம்’ என்பதைக் கேட்டு “அவர் செய்வார்” என்று நினைத்திருப்பீர்கள். அவரோ “குறிப்பெழுதுபவர் செய்துவிடுவார்” என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாக எழுந்து போயிருப்பார்.

‘-லாம்’ என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். செய்யல் ஆம் என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது ‘செய்யலாம்’. நான் செய்யலாம், நீ செய்யலாம், அவர்கள் செய்யலாம், அது செய்யலாம் என்று எந்த இடத்துக்கும் எந்தப் பாலுக்கும் வடிவம் மாறாது. ஆள் மட்டுமா தெரியவில்லை? “இங்கே உட்காரலாம்” என்பது அனுமதி. “மழை வரலாம்” என்பது ஐயம். “வாருங்கள், போகலாம்” என்பது அழைப்பு. ஆகவே ‘பார்க்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டவுடன், யார் பார்ப்பது என்ற கேள்வியோடு, பார்க்க அனுமதி தரப்படுகிறதா, பார்ப்பதற்கு வாய்ப்பு உண்டு என்று சொல்லப்படுகிறதா, சேர்ந்து பார்க்க அழைக்கிறாரா என்ற கேள்வியும் எழுகிறது. போதாக்குறைக்கு, அந்தச் சொல்லை மரியாதையான மறுப்பாகவே வழங்குபவர்களும் நம்மிடையே ஏராளம்.

‘வேண்டும்’ இதே குடும்பம். “முடித்துவிட வேண்டும்” என்பவர் ஒரு கடமையைச் சுட்டுகிறார். கடமை யாருடையது என்று சுட்டவில்லை. ‘ஆகட்டும்’ என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். அது வாழ்த்தவும் வேண்டவும் வழங்கும் வியங்கோள் வினை, அந்த வினை எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. வாழ்த்துவதற்கு அது பொருத்தம்தான், வாழ்த்தை யாரும் நிறைவேற்றித் தர வேண்டியதில்லையே. வேலையைப் பற்றிப் பேசும்போது வியங்கோளில் விடை வந்தால் அந்த வேலையை வாழ்த்தி அனுப்பிவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.

‘செய்யப்படும்’ என்பதன் கதை சற்று வேறு. அது செயப்பாட்டு வினை. “செயலாளரால் ஆவன செய்யப்படும்” என்பது முழு வாக்கியம். அதில் ‘செயலாளரால்’ என்ற சொல் உதிர்ந்தபின் எஞ்சுவதே நீங்கள் கேட்டது. உங்கள் குறிப்பில் எழுதிய ‘விவாதிக்கப்பட்டது’ என்பதிலும் அப்படியே ஓர் ‘ஆல்’ உதிர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் நீங்கலாக. ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்து. எல்லா மொழிகளுக்கும் வாய்க்காத இந்த நுட்பமான வேறுபாட்டைப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளவும் பயன்படுத்தலாம், பொறுப்பைக் கேட்பவர் தலையில் மெல்ல இறக்கிவைக்கவும் பயன்படுத்தலாம். தவறு நேர்ந்தபின் “நாம் கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ‘நாம்’ எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான்.

எனவே மொழி இரண்டு வழியும் வைத்திருக்கிறது, பேசுபவர் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார் என்பது என் விடை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ‘யார்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஆளோடு கூடிய இரண்டு வினைகளை அவர் முன் வையுங்கள். “ஐயா, இதை நீங்கள் அனுப்புகிறீர்களா, நான் அனுப்பட்டுமா?” என்று கேட்டால் அதில் விசாரணையின் சாயல் இருக்காது, உதவிக்கு வருகிற சாயல்தான் இருக்கும். விடை எப்படி வந்தாலும் ஓர் ஆளோடு வரும்.


மறுமொழி: மறுகரை

மேலே உள்ள விளக்கத்தைச் சுவைத்துப் படித்தேன், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. மழுப்புவதற்கு ஆளில்லாத வினை தேவை என்றால், ‘பார்க்கிறேன்’ என்பதை எங்கே வைப்பது? ‘ஏன்’ விகுதி பளிச்சென்று இருக்கிறது. ‘முயல்கிறேன்’, ‘யோசித்துச் சொல்கிறேன்’, ‘அனுப்புகிறேன்’ எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறார், வேலைதான் நடப்பதில்லை. பார்ப்பதற்கும் முயல்வதற்கும் முடிவு என்று ஓர் எல்லை கிடையாது. பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தாலும் சொன்ன சொல் தவறியவர் ஆகமாட்டார். ‘அனுப்புகிறேன்’ என்ற நிகழ்காலமோ இந்த நொடியையும் குறிக்கும், இனி வரப்போகும் ஏதோ ஒரு நாளையும் குறிக்கும். வீட்டைவிட்டு இன்னும் கிளம்பாதவர் தொலைபேசியில் “இதோ வந்துவிட்டேன்” என்று சொல்வதைக்கூடப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். விரைவு குறித்து எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வதைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொள்கிறது. இன்னும் உண்டு முடிக்காதவர், வாசலில் அவசரப்படுத்தும் நண்பருக்கு “உண்டேன், வந்தேன்” என்று குரல் கொடுப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். இந்த வழக்கத்துக்கு அவ்வளவு நீண்ட வயது!

எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. மறைமுகமாகப் பேசுவது எல்லாமே மழுப்பல் ஆகிவிடாது. நன்னூல் விடைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடியானவை. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் மறைமுகமானவை. “இதைச் செய்வாயா?” என்று கேட்டால் “நீயே செய்” என்பது ஏவல், “செய்யாமல் இருப்பேனா?” என்பது வினா, “உடம்பு வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல், “உடம்பு வலிக்கும்” என்பது உறுவது கூறல், “வேறொன்று செய்து தருகிறேன்” என்பது இனமொழி. இந்த ஐந்தில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லும் வெளிப்படையாக இல்லை, ஆனாலும் கேட்டவருக்குச் செய்வாரா மாட்டாரா என்பது விளங்கிவிடுகிறது. அந்தப் பொருள் கிடைத்துவிடுவதால்தான் அவற்றையும் விடை என்ற வரிசையில் பவணந்தியார் சேர்த்தார். சொன்ன சொல்லுக்கும் உணர்த்திய பொருளுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைப் பற்றி மேற்கில் மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஆற்றிய சொற்பொழிவுகள் மிகவும் பேசப்பட்டன, அவற்றில் ஒரு பகுதி 1975இல் அச்சாயிற்று. நன்னூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதை ஒரு சிறு பெருமிதத்தோடு நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

ஆகவே நான் வைக்கும் உரைகல் இது: மறைமுகமான அந்த விடையிலிருந்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றைக் கேட்டவர் உறுதியாகப் பெற்றுக்கொள்ள முடிகிறதா? முடிந்தால் அது நயம். முடியாவிட்டால் அது நன்னூல் சொல்லாத ஒன்பதாவது வகை, மழுப்பல். “இந்த மாதம் கணக்கு முடிக்கும் வேலை கழுத்தை நெரிக்கிறது” என்று உங்கள் மூத்தவர் சொல்லியிருந்தால் அதை மறுப்பாகக் குறித்துக்கொண்டு நீங்கள் வேறு ஆளைத் தேடியிருக்கலாம். அவர் உங்களுக்கு அந்த ‘இல்லை’யைக்கூடத் தரவில்லை.

அவர் ஏன் தரவில்லை என்பதும் யோசிக்க வேண்டியது. கனடா நாட்டின் உளவியலாளர் ஜேனட் பாவெலாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இருபொருள்படப் பேசுவதைச் சோதனைகளின் வழியே ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மழுப்பலைப் பேசுபவரின் குணக்கேடாகப் பார்க்காமல், அவரை அப்படிப் பேசவைக்கும் சூழ்நிலையைப் பார்த்தார்கள் என்பது அந்த ஆய்வின் சிறப்பு. எந்த நேரடி விடையைச் சொன்னாலும் கேடு என்ற இக்கட்டில் மாட்டிக்கொண்டவர்தான் வழவழவென்று பேசுகிறார். மிகவும் வேண்டியவர் கொடுத்த பரிசு உங்களுக்குப் பிடிக்கவே இல்லை, “பிடித்திருக்கிறதா?” என்று அவர் ஆவலோடு கேட்கிறார். ‘ஆம்’ என்றால் பொய், ‘இல்லை’ என்றால் புண்படுத்தல். “இவ்வளவு சிரமப்பட்டுத் தேடியிருக்கிறீர்களே!” என்கிறோம். அதே மனிதரை இக்கட்டு இல்லாத சூழ்நிலையில் வைத்துக் கேட்டால் நேராகத்தான் பேசுகிறார்.

உங்கள் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் “எனக்கு நேரமில்லை” என்று சொல்வது அவருக்கு இழுக்கு, “நான் செய்கிறேன்” என்பது பொய். நீங்கள் கேட்ட இடமே அவரை மென்று விழுங்க வைத்திருக்கலாம். கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கேட்டுப் பாருங்கள்.


மறுமொழி: ஈற்றெழுத்து

‘பார்க்கிறேன்’ என்பதைப் பற்றிய தடை சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆள் இருந்தால் போதாது, வினைக்கு ஒரு முடிவும் வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன். ‘திருத்தி அனுப்புவேன்’ என்பது முடியக்கூடிய வினை; அனுப்பினாரா இல்லையா என்று பிறகு கேட்க முடியும். ‘பார்த்துக்கொண்டாரா’ என்று யாரால் சரிபார்க்க முடியும்?

எனினும் மூத்தவர் மீது நீங்கள் காட்டும் இரக்கத்தில் எனக்குச் சிறு ஐயம் உண்டு. இக்கட்டு ஒருமுறை வந்தால் அது சூழ்நிலை. எல்லாக் கூட்டங்களிலும் எல்லாப் பொருளுக்கும் ஒருவருக்கு இக்கட்டே வந்துகொண்டிருந்தால், அவர் கழுவின மீனில் நழுவின மீன்.


மறுமொழி: எதிரொலி

நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன். மழுப்புபவர்களால் எனக்கு வரும் தொல்லையைவிட, தெளிவாகப் பேசிவிட்டதாக மனமார நம்புபவர்களால் வரும் தொல்லை அதிகம் என்பதால், இந்த உரையாடலில் விடுபட்டுப்போன அந்தப் பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

“எல்லாப் பணிகளும் முடியவில்லை” என்று ஓர் அறிக்கையில் வருகிறது. சில முடிந்து சில எஞ்சியிருக்கின்றனவா, ஒன்றுமே முடியவில்லையா? இரண்டும் தமிழில் இயல்பான பொருள்கள். எழுதியவரைக் கேட்டால், “இதில் என்ன ஐயம்?” என்று வியக்கிறார், ஏனென்றால் அவருக்கு உண்மை நிலை தெரியும், எனவே வாக்கியத்தின் இன்னொரு பொருள் அவர் கண்ணில் படுவதே இல்லை. “நேற்று வந்த ஆசிரியரின் மகன்” என்பதில் வந்தவர் ஆசிரியரா, மகனா? “நான்கு பேர் சொன்னதைக் கேட்கவில்லை” என்பதில் அந்த நான்கு பேர் சொன்னவர்களா, கேளாதவர்களா? “அடுத்த வெள்ளிக்கிழமை” என்ற சொற்றொடரால் தவறிய சந்திப்புகளை எண்ணத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. “நீங்கள் வரவில்லையா?” என்ற கேள்விக்கு ஒருவர் “ஆமாம்” என்கிறார், இன்னொருவர் “இல்லை” என்கிறார், இருவருமே வராதவர்கள். எழுத்தில் இவற்றைத் தீர்க்க ஒரு ‘-உம்’, ஒரு காற்புள்ளி, ஒரு சொல்லின் இடமாற்றம் போதும்: “பணிகளில் எதுவும் முடியவில்லை”, “பணிகளில் சில முடியவில்லை”. பேச்சில் அந்த வாய்ப்பு அந்த நொடியோடு போய்விடுகிறது.

வேண்டுமென்றே செய்யாத இத்தகைய மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வானூர்தித் துறையில் இரண்டு நிகழ்வுகள் உண்டு. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று, ஒரு விமானத்திலிருந்து வந்த “இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்” என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர். புறப்படத் தயாராக நிற்கிறோம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் அதைப் புரிந்துகொண்டது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. அதன்பின் மேலெழுவதைக் குறிக்கும் ‘டேக்-ஆஃப்’ என்ற அந்தச் சொல்லை, மேலெழுவதற்கு அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே சொல்வது, மற்ற நேரங்களில் வேறு சொல்லைப் பயன்படுத்துவது என்ற நடைமுறை வந்தது.

இரண்டாவது நிகழ்வை ‘மறுகரை’ அவர்களுக்காகவே சொல்கிறேன். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்து, அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, முன்னுரிமை வேண்டும் என்றெல்லாம் விமானத்திலிருந்து சொல்லப்பட்டது. ‘அவசரநிலை’ என்ற ஒரு சொல் மட்டும் சொல்லப்படவில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் கோபுரத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வழிவிடுவார்கள். நயமாகச் சொன்னாலும் பொருள் விளங்கிவிடும் என்ற உங்கள் உரைகல், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே பழக்கம் இருக்கும் இடத்தில்தான் செல்லும்.

வானூர்தி ஓட்டுபவர்கள் தமக்குத் தரப்பட்ட ஆணையைத் தம் வாயால் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளும் வழக்கத்தைத்தான் உங்களுக்கும் பரிந்துரைப்பேன். நான்காம் முறை கேள்வி கேட்காதீர்கள். எழுதப்போகும் வாக்கியத்தை உரக்கப் படியுங்கள். “பட்டியலைத் தலைவர் இம்மாத இறுதிக்குள் திருத்தித் தருவார் என்று எழுதிக்கொண்டேன், ஐயா, சரிதானே?” என்று படித்தால், மழுப்ப நினைப்பவரும் அறியாமல் மயங்கியவரும் ஒருசேர விழித்துக்கொள்வார்கள்.

கேள்வியை எழுதிக் காட்டுவதிலும் பயன் இருக்கிறது. டாட் ரோஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் அதை ஒட்டிய வேறொரு கேள்விக்குச் சரளமாக விடை சொன்னால், கேட்பவர்களில் பலர் அந்த நழுவலைக் கவனிப்பதே இல்லை என்று காட்டினார்கள். விடை வந்துகொண்டிருக்கும்போதே கேள்வி திரையில் எழுத்தாகத் தெரிந்துகொண்டிருந்தால் நழுவலைக் கண்டுகொண்டார்கள். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்பவர் எளிதில் அகப்பட்டுக்கொள்வார்; பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் பக்கத்து ஊருக்கு வழி சொல்பவர்தான் தப்பித்துவிடுகிறார்.


மறுமொழி: பதர்

மழுப்பலும் மயக்கமும் பேசப்பட்டுவிட்டன. பொருளே இல்லாத பேச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று சுருக்கமாக ஒன்று.

இலக்கணம் சரியாக இருந்தாலே பொருள் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது என்பதற்கு, “நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாக உறங்குகின்றன” என்ற பொருளில் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957இல் ஒரு வாக்கியம் செய்து காட்டினார். அது வேடிக்கையாக இருப்பதால் ஒருவரும் ஏமாறமாட்டார்கள். “ஒருங்கிணைந்த அணுகுமுறையின் வாயிலாக முழுமையான மேம்பாட்டை முன்னெடுப்போம்” என்பது வேடிக்கையாக இல்லை, அதனால் கைதட்டுகிறோம். இப்படிப்பட்ட வாக்கியம் வந்தால் நான் அதை மறுத்துப் பார்ப்பேன். ஒருங்கிணையாத அணுகுமுறையால் அரைகுறையான மேம்பாட்டைப் பின்தள்ளுவோம் என்று உலகத்தில் எவராவது சொல்வாரா? யாரும் சொல்ல முடியாத ஒன்றை மறுக்கும் வாக்கியம், எதையும் சொல்லாத வாக்கியம். நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களில் ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்று நன்னூல் வைத்திருப்பது இதைத்தான்.

பொய் சொல்பவருக்கு உண்மை எது என்று தெரியும். அதை மறைக்கவேனும் உண்மையைக் கணக்கில் வைத்திருப்பார். வெற்றுப் பேச்சுப் பேசுபவருக்கு உண்மையோ பொய்யோ ஒரு பொருட்டே இல்லை. மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வேறுபாட்டைச் சொல்லி, பொய்யைவிட இதுவே உண்மைக்குப் பெரிய பகை என்று முடிவுகட்டினார். எனக்கும் அதில் உடன்பாடு. மழுப்புபவரோடாவது மல்லுக்கட்டலாம், அவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.


மறுமொழி: குறிப்பேடு

அனைவருக்கும் நன்றி. இந்த விடைகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு நேற்றைய கூட்டத்துக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள்.

‘மறுகரை’ சொன்னபடி கூட்டத்துக்கு முன்பே தலைவரைத் தனியே பார்த்துக் கேட்டேன். ஐந்து நிமிடம் வெளிப்படையாகப் பேசினார். பட்டியலைத் திருத்தும் மென்பொருளை அவருக்கு இயக்கத் தெரியாது, அதை இளையவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்திருக்கிறது. இத்தனை மாதங்களாக அவரை நழுவும் மீன் என்றே நானும் நினைத்திருந்தேன். சற்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது, பெயரோடும் தேதியோடும்.

மற்ற பொருள்களுக்கு ‘எதிரொலி’யின் வழியைப் பின்பற்றி, எழுதப்போவதை உரக்கப் படித்தேன். முதல் இரண்டு முறை ஓர் அமைதி நிலவியது. மூன்றாம் முறையிலிருந்து, நான் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே பேசியவர்கள் தங்கள் வாக்கியத்தைத் தாங்களே திருத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். “செய்துவிடலாம், அதாவது, நான் செய்கிறேன், பதினைந்தாம் தேதிக்குள்” என்று ஒருவர் ஒரே மூச்சில் சொன்னபோது எனக்குக் குறிப்பெழுதும் கை நின்றுவிட்டது.

கடைசியாக, பழைய ஆவணங்களை அடுக்கிவைக்கும் பொருள் வந்தது. தலைவர் வழக்கம்போல் “பார்க்கலாம்” என்றார். “யார் பார்ப்பதாக எழுதட்டும், ஐயா?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே “நீங்களே பாருங்கள்” என்றார்.

நன்னூலின்படி அது ஏவல் விடை, எனவே மறுப்பு. ஆள் தெளிவாக இருந்ததால் அப்படியே எழுதிக்கொண்டேன். இம்மாத இறுதிக்குள் முடித்துத் தர வேண்டுமாம்.